உள்ளங்கையில் தொடைத்தோல்

தொண்ணூற்றொன்றாம் வருஷம். அக்காவின் கல்யாணத்துக்கு முந்தின நாள் காலை. அவள் கையில் இட்ட மருதாணியைக் கழுவினோம். விரல்கள் சிவந்தன, இடது கை சிவந்தது. வலது உள்ளங்கையின் நடுவில் ஒரு வெற்றிலையளவு இடம் மட்டும் கறுப்பாகவே நின்றது.

மண்ணூர் பக்கம் அக்கா வேலை பார்த்த ரப்பர் கம்பெனியில் சூடான அச்சு பட்டு வெந்த இடம் அது. பட்டணத்து ஆஸ்பத்திரியில் தொடைத்தோலை எடுத்து ஒட்டியிருந்தார்கள். கைக்கு வந்தும் அது தொடையாகவே இருந்தது, மெல்லிசாக, கறுத்து.

மாப்பிள்ளைக்குத் தெரியும். அவர் அக்காளுக்கு, நாத்தனாராக வரப்போகிறவளுக்கு, தெரியாது. பார்த்தால் பெருவியாதி, குஷ்டம் என்பாள், கல்யாணம் நின்றுவிடும். அதுதான் அக்காவின் பயம். மறுபடி அரைத்து அப்பினாள், எலுமிச்சை பிழிந்தாள்.

"தேச்சுகினே இருந்தா கைத்தோலா மாறிடும்டீ."

"மாறாதுக்கா." நான் கல்லூரியில் விலங்கியல் படித்துக்கொண்டிருந்தேன், வாய் சும்மா இருக்காது. "உன் ஒடம்புல எந்த செல்லை எடுத்தாலும் உள்ள அதே ஜீனுங்கதான். எது தொறந்து கீது, எது பூட்டிக் கீதுங்கறதுதான் வேற. தோலைத் தடியாக்கற ஜீனு உள்ளங்கையில தொறந்து கீது, தொடையில பூட்டிக் கீது. எடம் மாத்தி ஒட்டனா பூட்டும் கூடவே வருது. மெல்லிசுத் தோல்ல மருதாணி ஏறாது."

"சாவி எங்கடி? உன் காலேஜ்ல வெச்சுக்கினு கீறாங்களா?"

"தேடிக்கினு கீறாங்க."

அன்றைக்கும் எனக்குச் சந்தேகமில்லை, இன்றைக்கும் இல்லை: ஈரலுக்குள் கண் தூங்குகிறது, கண்ணுக்குள் ஈரல் தூங்குகிறது. விழிக்காமல் இருப்பதும் உடம்பில் ஒரு வேலைதான். அந்த வேலையை யாரும் கெஞ்சிக் கலைத்துவிட முடியாது, எலுமிச்சம்பழத்தாலும்.

மத்தியானம், சுங்குவார்சத்திரத்தில் பஸ் இறங்கி, கூறைப் புடவையும் வளையலுமாக நாத்தனார் வந்துவிட்டாள். வந்ததும் கையைத்தான் பிடித்தாள்.

"இன்னாம்மா இது, இங்க மட்டும் செவக்கல?"

அடுப்பங்கரையில் அம்மாவின் கரண்டிச் சத்தம் நின்றது. அக்கா கையை மூடவில்லை.

"தொடைத்தோலு அண்ணி. கை வெந்துச்சு, எடுத்து ஒட்டனாங்க. தொடையில மருதாணி ஏறாது. வோணும்னா உங்க தொடையில இட்டுப் பாருங்க."

நாத்தனார் சிரிக்கவில்லை. கறுத்த இடத்தின் நடுவில் நகத்தை வைத்து அழுத்தினாள். அக்கா 'ஸ்ஸ்' என்று கையை இழுத்துக்கொண்டாள்.

"உணர்ச்சி கீது," என்றாள் நாத்தனார், தனக்குத்தானே. பெருவியாதியில் அது இருக்காது. பிறகு அதே கையை மறுபடி பிடித்து, விரல்களைக் குவித்து, வளையலை ஏற்றத் தொடங்கினாள். "என் தம்பி பாவம்தான். இந்த வாய்க்கு எதைப் பூசறது?"

அடுப்பங்கரையில் கரண்டி மறுபடி ஓடியது.