அழிக்கப்பட்ட திகதி

ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். கையெழுத்தும் எழுத்துப் பிழைகளும் மோசமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

துறைமுகத்தடியில் வலை திருத்தும் எங்களுக்கு வேதம் படிப்பிக்க ஞாயிறுதோறும் ஒரு சபை ஊழியர் வருவார். மெலிந்தவர். கழுத்துப் பொத்தானையும் பூட்டியிருப்பார். அவருடைய சபையை நிறுவியவர் உலக முடிவுக்கு அந்தக் காலத்திலேயே நாள் குறித்திருந்தாராம். அதை விளக்கும்போது இவர் திகதியைத் தன் கொப்பியில் பென்சிலால்தான் எழுதுவார்.

"இந்தக் கார்த்திகையோட எல்லாம் முடிஞ்சிடும், தம்பி. பிள்ளைக்கு என்னத்துக்கு மார்கழிச் சோதினை?"

நான் மகளைச் சோதினைக்குப் போகவிடாமல் மறித்தேன். அவள் அழுதழுது வீட்டிலேயே இருந்தாள்.

தை பிறந்தது.

"ஐயா, ஒண்டும் நடக்கேல்லையே?"

"சபையை நிறுவினவர் முடிவு எண்டு சொல்லேல்லை, தம்பி. தொடக்கம் எண்டுதான் சொன்னவர். நாங்கள்தான் பிழையா விளங்கிட்டம்."

"உங்கட மகள் சோதினை எழுதினவ எண்டு சொல்லினம்?"

அவர் அழிறப்பரால் திகதியை அழித்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"அது தாய்ட விருப்பம்."

அவர் உண்மையாகவே நம்பினாரா என்பது இன்றும் தெரியாது. ஆனால் பிழையாக விளங்கியவர்களில் என்னையும் சேர்த்து "நாங்கள்" என்றாரே, அதைத்தான் மறக்க முடியவில்லை.

எழுதியது: அவருடைய மகள் சோதினையில் சித்தியடைந்த செய்தி வந்த சித்திரை மாதத்து வெள்ளிக்கிழமை.