நாற்பதாவது எழுத்தில் நின்றுபோன வீடு

திருவொற்றியூரில், மருந்துப் பெட்டிகளை வீடுகளுக்கு அனுப்பும் ஒரு கம்பெனியில் நிரல் எழுதுகிறேன். பில், இருப்பு, சம்பளம் போன்ற வியாபார வேலைகளுக்கென்றே உண்டான ஒரு கம்ப்யூட்டர் மொழியில் எழுதுகிறேன். பாதி நாள் எனக்கு எழுத்துகளோடுதான் மல்லுக்கட்டு. வரிசையாக வரும் எழுத்துகளை ‘ஸ்ட்ரிங்’ என்போம். இரண்டை ஒட்டலாம், காற்புள்ளி கண்ட இடத்தில் பிரிக்கலாம், வெட்டலாம். வெட்டுவதுதான் எல்லாவற்றிலும் சுலபம். அதனாலேயே அதைக் கண்டால் எனக்கு ஆகாது.

போன மழைக்காலத்தில் ஒரு நாள் வாசலில் ஒரே சத்தம். காசிமேட்டில் மீன் விற்கும் ஓர் அம்மா, காலிக் கூடையோடு நேராக ஆபீசுக்கே வந்துவிட்டார். அவர் கணவருக்குச் சிறுநீரகம் இரண்டும் போய்விட்டது. வயிற்றில் திரவம் ஏற்றி இறக்கும் டயாலிசிஸ், வீட்டிலேயே நடக்கிறது. அந்தத் திரவப் பைகள் எங்களிடமிருந்துதான் போக வேண்டும். வண்டி இரண்டு தடவை அவர்கள் குடியிருக்கும் எர்ணாவூர் வரை போய், வீடு தெரியாமல் திரும்பியிருந்தது. டிரைவர் போன் அடித்த நேரத்தில் இவர் மீன் ஏலச் சத்தத்துக்கு நடுவில் நின்றிருக்கிறார்.

“நாளிக்கு வரிக்கும்தான் பை கீது மேடம். அப்பால அவர நான் இன்னா பண்றது? அட்ரஸ்லாம் முழுசாத்தான் குட்த்துக்கீறேன்.”

உண்மைதான். கம்ப்யூட்டரில் முழு முகவரியும் இருந்தது. எண்ணூர் ஹைரோடு, பாலம் இறங்கி, தண்ணீர் டேங்க் பின்னால், எட்டாவது பிளாக், மூன்றாவது மாடி, கடைசியில் கதவு எண். ஆனால் பெட்டியில் ஒட்டும் ஸ்டிக்கருக்கு, எனக்கு முன்னால் இருந்தவர் எழுதிய நிரல் முதல் நாற்பது எழுத்தை மட்டும் எடுத்துக்கொண்டு மீதியை வெட்டிவிடும். டேங்க் வரை வந்து வீடு நின்றுபோனது. டேங்குக்குப் பின்னால் ஒரே அச்சில் வார்த்த மாதிரி எத்தனையோ பிளாக்குகள்.

மேனேஜர் ஸ்டிக்கரைப் பார்த்தார். “கதவு நம்பரை முதல்ல சொல்லணும்னு கஸ்டமருக்குச் சொல்லிக் கொடுங்க.”

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. நானும் வடசென்னைதான், எம்.கே.பி. நகர்க்காரி. எங்கள் பக்கம் வழி சொல்லிவிட்டுத்தான் வீட்டைச் சொல்வோம். பிரியாணி ஆர்டர் செய்தாலும் பாலத்தில் ஏற்றி இறக்காமல் நாங்கள் யாரையும் வாசலுக்கு விடுவதில்லை.

“முழு அட்ரஸையும் போட்டுடலாமே சார்” என்றேன்.

“இடம் இல்லையேம்மா, ஸ்டிக்கர்ல” என்றார் மேனேஜர்.

இடம் இருந்தது. முகவரிக்கு அடியில் கொட்டை எழுத்தில், இரண்டு வரிக்கு, கம்பெனியின் வாசகம்: ‘உங்கள் வாசல் தேடி வரும் ஆரோக்கியம்.’ அதைக் காட்டினேன். அவர் ஸ்டிக்கரை என் மேஜையில் வைத்துவிட்டுத் தன் அறைக்குப் போனார். அதையே சம்மதமாக எடுத்துக்கொண்டு அந்த இரண்டு வரிகளையும் தூக்கினேன். முகவரியைக் காற்புள்ளிகளில் பிரித்து, வரி வரியாக முழுவதும் இறங்கும்படி மாற்றி எழுதினேன். சோதித்துப் பார்த்து, முதல் ஸ்டிக்கரை அந்த அம்மாவின் பெட்டிக்கே ஒட்டச் சொன்னேன். “காலையில் வந்துவிடும்” என்றதற்கு அவர் தலையாட்டினார். நம்பிய முகமாக இல்லை. இரண்டு தடவை ஏமாந்தவர் எப்படி நம்புவார்?

மறுநாள் அவரே போன் செய்தார். மூச்சு வாங்கியது.

“நான் இன்னிக்கு ஏவாரத்துக்கே போவல மேடம். வண்டி வந்தா மடக்கலாம்னு காலைலேர்ந்து டேங்காண்ட நின்னுகினு இருந்தேன். அது பின்பக்கமா வந்துட்டுப் போயிக்கீது. மேல போயிப் பாத்தா வூட்ல பொட்டி! கதவத் தட்டி அவர் பேரச் சொல்லிக் குட்தாங்களாம். அவரே எந்திரிச்சுப் போயி வாங்கிக்கீறாரு.”

கம்ப்யூட்டரில் அந்தப் பெட்டிக்கு நேராக ‘சேர்ந்தது’ என்று குறித்தேன்.

“அப்ப, அடுத்த தபா நான் ரோட்ல நிக்கத் தேவல இல்ல மேடம்?”

“தேவையில்லைம்மா” என்றேன். “நீங்க ஏவாரத்தைப் பாருங்க.”