பதிமூன்று டிகிரி குறைச்சல்

போன வாரம் ஒரு நாள் லீவு போட்டேன். நீளமான ஒரு தர்மாமீட்டரை அட்டைக் குழலுக்குள் பஞ்சு அடைத்து வைத்து, அந்தக் குழலைக் குடைக்குள் செருகிக்கொண்டு, கோடைக்கானலிலிருந்து கோடை ரோடு ஸ்டேஷன் வரை பஸ்ஸில் போய்வந்தேன். எதற்கு? டீக்கடையில் கொதிக்கும் தண்ணீருக்கு எவ்வளவு சூடு என்று பார்ப்பதற்கு!

சிரிக்காதீர்கள். என் மகளின் படிப்பு அந்தக் கண்ணாடிக் குழாய்க்குள் மாட்டிக்கொண்டிருந்தது.

என்னுடைய சந்தேக புத்தி வாசகர்களுக்குப் புதிதல்ல. தபாலாபீஸில் பார்சல் கவுண்டரில் உட்கார்ந்து, வருகிறவர்களை எல்லாம் "உள்ளே என்ன?" என்று கேட்டே பழகியவன். வீட்டுக்கு வந்தாலும் அந்தக் கேள்வி கூடவே வந்துவிடுகிறது. பருப்புக் கடை செல்லையாவைக் கேளுங்கள். அவர் கடைத் துவரம்பருப்பு இரண்டு மணி நேரம் ஆனாலும் வேகாது. பழைய சரக்கைத் தலையில் கட்டுகிறார் என்று கண்டுபிடித்து, ஆறு வருஷத்துக்கு முன்பே அவர் கடைக்குப் போவதை நிறுத்தினேன். அதற்குப் பிறகு மூன்று கடை மாற்றிவிட்டேன். மூன்று கடையிலும் பழைய சரக்கு! கோடைக்கானல் வியாபாரிகள் எல்லாரும் ஒன்று சேர்ந்துகொண்டார்கள் என்பது என் தீர்மானம்.

சரி, மகள் விஷயத்துக்கு வருகிறேன். ஸ்டெல்லா மூன்றாம் பாரம் முடிக்கிறாள். நாலாம் பாரத்தில் பாதை இரண்டாகப் பிரிகிறது. ஒரு பக்கம் பௌதிகமும் ரசாயனமும். இன்னொரு பக்கம் மனையியல்... அதற்கும் டொமஸ்டிக் சயின்ஸ் என்றுதான் பெயர். இரண்டுமே சயின்ஸ்தானே என்று பள்ளிக்கூடத்தில் சமாதானம் சொல்கிறார்கள். ஆனால் மனையியலில் போனவளுக்குக் காலேஜில் பௌதிகத்தின் கதவு திறக்காது. ஸ்டெல்லாவுக்கோ, குன்றின் மேல் சூரியனைப் படம் பிடிக்கிறார்களே, அந்த வான ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை பார்க்க வேண்டும். ஏழு வயசிலிருந்து இதையேதான் சொல்கிறாள்.

போன திங்கட்கிழமை ஆப்ஷன் ஃபாரம் வீட்டுக்கு வந்தது. சனிக்கிழமைக்குள் கையெழுத்துப் போட்டுத் திருப்பித் தர வேண்டும். அதில் சயின்ஸ் டீச்சர் சிவப்பு மையில் எழுதியிருந்தார்: "சோதனையில் கவனம் போதாது. மனையியல் பொருத்தம்."

எனக்கு உடனே மூக்கில் வேர்த்தது. யாரோ பெரிய இடத்துப் பெண்ணுக்காக என் மகளின் இடத்தைப் பிடுங்குகிறார்கள்! இல்லையென்றால் என் மனைவி அமலி போய் டீச்சரிடம் ரகசியமாகச் சொல்லியிருக்கிறாள்! பெண்ணுக்கு ரசம் வைக்கத் தெரியவில்லை என்று அவள் அடிக்கடி முணுமுணுப்பதுண்டு. அவளிடமே கேட்டுவிட்டேன். "எனக்கு வேற சோலி இல்ல பாருங்க" என்று சொல்லிவிட்டு அவள் வேகாத பருப்பைக் கடையப் போய்விட்டாள்.

பிறகு ஸ்டெல்லாவை விசாரித்தேன். நாலாம் பாரத்துக்கு முன்னால் எல்லாப் பிள்ளைகளையும் லேபுக்குள் விட்டு ஒரு சோதனை செய்யச் சொல்வது அவர்கள் பள்ளி வழக்கம். தண்ணீரைக் கொதிக்க வைத்து, தர்மாமீட்டரைப் பார்த்து எழுத வேண்டும். புத்தகத்தில் இருப்பது இருநூற்றுப் பன்னிரண்டு டிகிரி ஃபாரன்ஹீட். ஸ்டெல்லா எழுதியது நூற்றுத் தொண்ணூற்றொன்பது!

"நீ நல்லாப் பாத்தியா?" என்று கேட்டேன். பார்த்தேன் என்றாள். "சரியாப் பாத்தியா?" என்றேன். மூன்றாவது தடவையும் கேட்டேன். அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள்... அதோடு பேச்சை நிறுத்திக்கொண்டாள்.

புதன்கிழமை மத்தியானம் பள்ளிக்கூடம் போனேன், சண்டை போடுகிற மாதிரி. டீச்சர் மதுரைப் பக்கத்திலிருந்து இந்த வருஷம்தான் மலையேறி வந்தவர். படித்தது தாவரவியல். ஆள் இல்லாததால் பௌதிகமும் அவர் தலையில். நான் நினைத்த மாதிரி கெட்டவராகத் தெரியவில்லை. அதுவே எனக்குச் சந்தேகத்தைக் கிளப்பியது.

லேபில் இருக்கும் தர்மாமீட்டர்கள் எல்லாமே பதிமூன்று டிகிரி குறைவாகக் காட்டும் என்றார் அவர். அவர் வருவதற்கு முன்பே அப்படித்தானாம். பக்கத்தில் நின்ற அட்டெண்டர் சவரிமுத்து ஆமாம் போட்டார்.

"குளிருக்கு எல்லாம் கெட்டுக் கெடக்குங்க. ஒவ்வொரு வருசமும் பிள்ளைகள்ட்ட சொல்லிருவேன், பதிமூணு கூட்டிக்கங்கன்னு. எல்லாம் கூட்டித்தான் எழுதும். உங்க பிள்ளை மட்டும் மாட்டேன்னுருச்சு."

சுவரில் பார்த்தேன். அடுப்புக்கு மேலே சாக்பீஸில் '+13' என்று எழுதியிருந்தது. ஒவ்வொரு வருஷமும் மேலேயே எழுதி எழுதித் தடித்துப் போயிருந்தது.

கூட்ட மாட்டேன் என்றதோடு நிற்கவில்லையாம் என் மகள். தர்மாமீட்டரைக் கழுவித் துடைத்துத் தன் கக்கத்தில் வைத்திருக்கிறாள். தொண்ணூற்றேழு காட்டியிருக்கிறது. "இது பதிமூணு குறைச்சல்னா, எனக்கு இப்ப நூத்திப்பத்து டிகிரி காய்ச்சலா டீச்சர்?" என்று கேட்டிருக்கிறாள். வகுப்பு முழுக்கச் சிரித்திருக்கிறது. டீச்சருக்குச் சிரிப்பு வரவில்லை. சிவப்பு மை எங்கிருந்து வந்தது என்று எனக்கு இப்போது புரிந்தது.

நான் என்ன செய்தேன்? மகள் பக்கம் நின்றேன் என்று எழுத ஆசைதான். நிற்கவில்லை. தர்மாமீட்டர் மேல் சந்தேகம், டீச்சர் மேல் சந்தேகம், சவரிமுத்து மேல் சந்தேகம்... சொல்ல வெட்கமாக இருக்கிறது, அவள் மேலும் சந்தேகம். ஆகவே, இதே தர்மாமீட்டரைக் கீழே சமவெளிக்குக் கொண்டுபோய்க் கொதிநீரில் வைத்துப் பார்க்கிறேன் என்றேன். அங்கேயும் குறைத்துக் காட்டினால் மனையியலில் கையெழுத்துப் போடுகிறேன். சரியாகக் காட்டினால் சிவப்பு மையை அடியுங்கள். டீச்சர் தயங்கித் தயங்கி ஒப்புக்கொண்டார். உடைந்தால் நான் பொறுப்பு என்று எழுதி வாங்கிக்கொண்டுதான் கொடுத்தார். அவருக்கும் என் மேல் சந்தேகம்!

பஸ் கண்டக்டரிடம் கொடுத்து அனுப்பியிருக்கலாமே என்றாள் அமலி. கண்டக்டரை நம்புவதா?

வியாழக்கிழமை வெள்ளனே முதல் பஸ். எங்கள் வீடு இருக்கும் அட்டுவம்பட்டியிலிருந்து பஸ் ஸ்டாண்டுக்கு நான் நடந்துபோவதற்குள் பனி மூட்டத்தில் சட்டை நனைந்துவிட்டது. இறங்க இறங்க ஸ்வெட்டரைக் கழற்றினேன், மப்ளரைக் கழற்றினேன். குடையை மட்டும் விடவில்லை. பக்கத்தில் இருந்தவர் குடையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு வேறு சீட்டுக்குப் போய்விட்டார்.

ஸ்டேஷன் வாசலில் டீக்கடை. டீ மாஸ்டரிடம் அடுப்பில் தளதளவென்று கொதிக்கும் தண்ணீரில் இதைக் கொஞ்சம் வைத்துப் பார்க்கலாமா என்று கேட்டு, குடைக்குள்ளிருந்து குழலை உருவினேன். அவர் முகம் மாறியது.

"ஹெல்த் இன்ஸ்பெக்டருங்களா? நல்ல தண்ணிதாங்க. வேணும்னா நீங்களே குடிச்சுப் பாருங்க."

நான் இன்ஸ்பெக்டர் இல்லை, என் மகளின் படிப்புக்காக வந்திருக்கிறேன் என்று விளக்கினேன். அவர் நம்பவில்லை. யார்தான் நம்புவார்கள்? கடைசியில் தனியாக ஒரு பாத்திரத்தில் தண்ணீர் வைத்துக் கொடுத்தார். கொதித்ததும் தர்மாமீட்டரை உள்ளே விட்டேன். பாதரசம் ஏறியது. நூற்றுத் தொண்ணூற்றொன்பதைத் தாண்டியது. நான் மூச்சை அடக்கிக்கொண்டேன். இருநூறு... இருநூற்றைந்து... இருநூற்றுப் பத்தில் போய் நின்றது.

அதே தர்மாமீட்டர்! ஆனால் பன்னிரண்டு அல்ல, பத்து. இன்னும் இரண்டு டிகிரி குறைச்சல். ஜெயித்தோமா, தோற்றோமா? எனக்குத் தெரியவில்லை. ரயில்வே பிளாட்பாரத்தில் குழப்பத்தோடு நடந்தேன். ஊர்ப்பெயர்ப் பலகையின் அடியில், கடல் மட்டத்துக்கு மேல் தொள்ளாயிரத்துச் சொச்சம் அடி என்று எழுதியிருந்தது. எதற்கும் இருக்கட்டும் என்று அதையும் குறித்துக்கொண்டேன்.

வீடு திரும்பியதும் ஸ்டெல்லாவிடம் எதுவும் சொல்லவில்லை. சாட்சியை முன்கூட்டியே தயார் செய்யக் கூடாது அல்லவா? அவளும் கேட்கவில்லை. பக்கத்து வீட்டு ஆறாம் பாரத்துப் பெண்ணின் பௌதிகப் புத்தகத்தை வாங்கி வைத்துக்கொண்டு ஏதோ கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள்.

வெள்ளிக்கிழமை காலை லேபில் நானும் ஸ்டெல்லாவும் டீச்சரும், சவரிமுத்தும். இருநூற்றுப் பத்து என்றேன். டீச்சர் உதட்டைப் பிதுக்கினார். "பன்னெண்டு இல்லையே சார்? அப்ப தர்மாமீட்டர்ல கோளாறுதான?"

ஸ்டெல்லா அந்த ஆறாம் பாரத்துப் புத்தகத்தைத் திறந்து டீச்சர் முன்னால் வைத்தாள். இருநூற்றுப் பன்னிரண்டு என்பது கடல் மட்டத்தில். மேலே போகப் போகக் காற்றின் அழுத்தம் குறையும். தண்ணீர் வெரசாகவே, குறைந்த சூட்டிலேயே கொதித்துவிடும். ஏறத்தாழ ஐந்நூற்றைம்பது அடிக்கு ஒரு டிகிரி. கோடைக்கானல் ஏழாயிரம் அடி. அவள் சிலேட்டில் வகுத்தாள். கிட்டத்தட்டப் பதிமூன்று வந்தது! நான் சட்டைப் பையிலிருந்து ஸ்டேஷன் பலகையின் சீட்டை எடுத்து நீட்டினேன். அதையும் வகுத்தாள். கிட்டத்தட்ட இரண்டு.

சவரிமுத்து தலையைச் சொறிந்தார். எத்தனை வருஷமாக எத்தனை பிள்ளைகள் கண்ணால் பார்த்ததை விட்டுவிட்டுச் சுவரில் இருந்ததைக் கூட்டியிருக்கிறார்கள்! நான் மட்டும் என்ன? சூடு குறைந்தால் பருப்பு எப்படி வேகும்? பாவம் செல்லையா. ஆறு வருஷமாக அவரைத் திருடன் ஆக்கி வைத்திருந்தேன். எல்லாரையும் சந்தேகப்பட்டேன், இந்த மலையைத் தவிர.

டீச்சர் சிவப்பு மைப் பேனாவை எடுத்தார். தன் எழுத்தை ஒரே கோட்டில் அடித்தார். "பொட்டனி படிச்சவ சார் நான்" என்று மெதுவாகச் சொன்னார். அப்படி ஒப்புக்கொள்ள எத்தனை பேருக்கு மனசு வரும்? அவர் மேல் எனக்கு மரியாதை வந்தது.

நான் ஃபாரத்தை வாங்கி, பேனா மூடியைத் திறந்தேன். மூன்று நாளைக்குப் பிறகு அப்போதுதான் ஸ்டெல்லா என்னிடம் வாய் திறந்தாள்.

"அப்பா, அந்த இருநூத்திப்பத்து... கண்ணு மட்டத்துல வச்சுப் பாத்தீங்களா?"

"பாத்தேன்மா."

"நல்லாப் பாத்தீங்களா?"

"பாத்தேன்."

"சரியாப் பாத்தீங்களா?"

மூன்று தடவை. எண்ணி வைத்திருந்து திருப்பிக் கொடுத்தாள். நான் பௌதிகத்துக்கு நேரே கையெழுத்துப் போட்டேன்.

பெற்ற அப்பனையே சந்தேகப்படுகிற பெண்ணை வேறு எந்த வகுப்பில் சேர்ப்பது, சொல்லுங்கள்?