வலப்பக்கம் வருகிறவருக்கே வழி

கலிஃபோர்னியாவில் என் அம்மா ஓட்டிய கார் அவ்வளவு பெரியது. நான் அதில் உட்கார்வதற்கு ஏறித்தான் போக வேண்டும். பள்ளிக்கூடம், கோயில், மளிகைக் கடை, பாட்டு வகுப்பு என்று ஊரையே சுற்றி வருவாள். ஒரு கை ஸ்டியரிங்கில் இருக்கும், மறு கை பின்சீட்டுக்கு முறுக்கு நீட்டும். அப்படிப்பட்டவளை எர்லாங்கன் வந்த ஆறே மாதத்தில் பஸ் நிறுத்தத்தில் நிற்க வைத்துவிட்டது ஜெர்மனி. அமெரிக்க லைசென்ஸ் இனிமேல் செல்லாது, முதலிலிருந்து பரீட்சை எழுத வேண்டும் என்றார்கள். பதினைந்து வருஷம் வண்டி ஓட்டியவளுக்குப் பரீட்சையா? அம்மாவுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. எழுத மாட்டேன் என்று சொல்லிவிட்டாள்.

அப்பாவுக்கு இந்தக் கவலையெல்லாம் கிடையாது. சைக்கிளில் வேலைக்குப் போய் வந்து, "பாத்தியா, தொப்பை குறைஞ்சிருக்கு" என்று எங்களுக்கு இடுப்பைக் காட்டுவார். கம்பெனி அவரை இரண்டு வருஷத்துக்கு அனுப்பியிருந்தது. விருப்பமென்றால் மேற்கொண்டும் இருக்கலாம். அப்பாவுக்கு விருப்பம், அம்மாவுக்கு இல்லை. கோடை லீவுக்குள் முடிவு செய்வோம், அம்மா வேண்டாமென்றால் மூட்டை கட்டிவிடலாம் என்று அப்பா வாக்குக் கொடுத்திருந்தார். நான் முழுக்க முழுக்க அம்மா கட்சி. எனக்கு என் பழைய அறை வேண்டும், கொல்லையில் இருந்த எலுமிச்சை மரம் வேண்டும், பக்கத்து வீட்டு டிராம்போலினில் என்னோடு குதிக்கும் சிநேகிதி வேண்டும். தினமும் படுக்கப் போகும்போது அம்மாவின் மனசு மாறக் கூடாது சாமி என்று வேண்டிக்கொள்வேன்.

எங்களுக்கு மேல் மாடியில் ஓர் அக்கா இருந்தார். யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர்களின் மகள். ஜெர்மனியிலேயே வளர்ந்து ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தார். ஒருநாள் அம்மா அரிசிப் பையோடு மழையில் பஸ்ஸுக்கு நிற்பதைப் பார்த்து, பையை வாங்கித் தன் சைக்கிள் கூடையில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தார். அந்த வார சனிக்கிழமையே தன்னுடைய பழைய சைக்கிளோடு கதவைத் தட்டினார். அதில் பெடல் இரண்டும் இல்லை.

"எனக்கு இந்த வயசுல எல்லாம் வராதும்மா," என்றாள் அம்மா.

"ஏன் ஏலாது? இஞ்ச சின்னப் பிள்ளையள் இப்பிடித்தான் பழகிறவை. மிதிக்கிறதைப் பிறகு பாப்பம். நீங்கள் ஏறி, காலால உந்துங்கோ அக்கா."

எனக்கு அப்போது நான்காம் வகுப்பு. இங்கே அந்த வகுப்பில் போலீஸ்காரரே வந்து சைக்கிள் ஓட்டக் கற்றுத் தந்து பரீட்சையும் வைப்பார். நான் தேறி, அதற்கான ஸ்டிக்கரை என் வண்டியில் ஒட்டியிருந்தேன். ஆகவே அம்மாவுக்கு வாத்தியார் நான்தான். தோளுக்கு மேல் திரும்பிப் பார், கையை நீட்டு, வலப்பக்கத்திலிருந்து வருகிறவருக்கு வழி விடு என்று வண்டி நிறுத்துமிடத்தில் நின்று விரட்டினேன். அம்மாவை அதட்ட எனக்கு வாய்த்த ஒரே உத்தியோகம் அது. குறை வைக்காமல் செய்தேன்.

பெடலை மாட்டிய பிறகு அம்மா ஓட்டினாள். ஆனால் யாராவது பின்னாலிருந்து ஒரு தள்ளுத் தள்ள வேண்டும். நின்றுவிட்டால் தானாகக் கிளம்ப வராது. ஒரு கால் பெடலில், ஒரு கால் தரையில், முகமெல்லாம் வியர்வையாக நின்றுவிடுவாள்.

லீவுக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை, ஆற்றோரமாகப் பக்கத்து ஊருக்குப் போய் ஐஸ்கிரீம் சாப்பிடுவது என்று முடிவானது. அந்த ஊர் தேவாலயக் கூரையில் நாரை கூடு கட்டியிருக்கிறது என்று அப்பா ஆசை காட்டினார். அப்பா முன்னால், அம்மா நடுவில், நான் கடைசியில். தெருமுனையில் நான் அம்மாவைத் தள்ளிவிட்டேன், நன்றாகத்தான் போனாள். அடுத்த நாற்சந்தியை அப்பா தாண்டிவிட்டார். அம்மா நெருங்கியபோது இடப்பக்கத்திலிருந்து ஒரு கார் வந்தது. அம்மா பிரேக்கைப் பிடித்து நின்றுவிட்டாள்.

கலிஃபோர்னியாப் பழக்கம். அங்கே பல நாற்சந்திகளில் எல்லோரும் நிற்க வேண்டும். முதலில் வந்து நின்றவர் முதலில் போவார். காரும் நின்றது, அம்மாவுக்காக. நீங்கள் போங்கள் என்று அம்மா கை காட்டினாள். காரிலிருந்த பெரியவர், இல்லை, நீங்கள்தான் என்று கை காட்டினார். அம்மா மறுபடி புன்னகையோடு கை காட்டினாள். அவர் எஞ்சினையே அணைத்துவிட்டார். சட்டப்படி அம்மா போகாமல் அவர் நகரப்போவதில்லை. அவருக்குப் பின்னால் இன்னொரு கார், அதன் பின்னால் நாயோடு ஒரு கார். ஒருவரும் ஹாரன் அடிக்கவில்லை. அதுதான் இன்னும் மோசமாக இருந்தது.

"அம்மா, அவருக்கு நீ வலப்பக்கம்! நமக்குத்தான் வழி!" என்று கத்தினேன். என் வண்டியைச் சாய்த்துவிட்டுத் தள்ளிவிட ஓடினேன்.

அம்மா திரும்பாமலே, "நீ வராத. நானே போறேன்," என்றாள்.

தோளுக்கு மேல் ஒரு தடவை பார்த்தாள், நான் சொல்லிக்கொடுத்தபடியே. பெடலை மேலே கொண்டுவந்து ஓங்கி ஒரு மிதி. சைக்கிள் இடம் வலமென்று ஆடியது. விழுந்தாள் என்று கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது துப்பட்டா பறக்க அம்மா சந்தியின் அந்தப் பக்கம் போய்க்கொண்டிருந்தாள். பெரியவர் காருக்குள் கை தட்டினார். அப்பா சைக்கிளைக் கீழே போட்டுவிட்டு விசிலடித்தார். நான் தெருவே திரும்பிப் பார்க்கும்படி கத்தினேன். அவ்வளவு சந்தோஷம் அதற்கு முன்னால் எனக்கு வந்ததேயில்லை. அம்மா நிற்கவேயில்லை. ஆற்றங்கரை வரை நாங்கள்தான் அவளைத் துரத்திக்கொண்டு போனோம்.

ஐஸ்கிரீம் கடையில் அம்மாவுக்கு இன்னும் மூச்சு வாங்கியது. "லைசென்ஸ் பரீட்சையையும் ஒரு கை பார்த்துடறேன்," என்றாள். அப்பா அவளையே பார்த்துக்கொண்டு, "அப்ப, ஆஃபீஸ்ல சொல்லிடட்டுமா?" என்று கேட்டார். அம்மா உதட்டோரம் ஒட்டியிருந்த ஐஸ்கிரீமைத் துடைத்துக்கொண்டு, "சொல்லிடுங்க," என்றாள்.

நான் கூரைமேல் நாரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஜெயித்தது எங்கள் கட்சிதான் என்ற மிதப்பில் இன்னொரு ஐஸ்கிரீம் கேட்டேன். ஒன்றுக்கு மேல் வாங்கித் தந்தே அறியாத அம்மா, மறுபேச்சில்லாமல் எழுந்துபோய் வாங்கி வந்து, என் தலையைத் தடவிக்கொடுத்தாள். எலுமிச்சை மரமும் டிராம்போலினும் போய்விட்டன என்று அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும்.