பஸ்ஸில் சொன்ன சாட்சியம்

தோட்டத்து வழித்தட வழக்கில் சாட்சி சொல்வதற்காகப் பெரியப்பா வேப்பமரத்தின் முன்னால் நின்று பேசிப் பழகியிருந்தார். கோயம்புத்தூர் மாவட்டக் கோர்ட்டுக்கு நானும் துணைக்குப் போனேன். கூண்டில் ஏறித் தொண்டையைக் கனைத்தவரை எங்கள் வக்கீல் தடுத்தார்.

"இப்பச் சட்டம் மாறிப்போச்சுங்க. சாட்சியத்தை எழுத்துல குடுத்தாச்சு. உங்க கையெழுத்துதானான்னு மட்டும் சொல்லுங்க."

"ஆமாங்க" என்றார் பெரியப்பா. எதிர்த்தரப்பு வக்கீல் குறுக்கு விசாரணை வேண்டாம் என்றுவிட்டார். பெரியப்பா முகம் வாடி இறங்கினார்.

பல்லடம் திரும்பும் பஸ்ஸில் மனம் தாங்காமல், பாட்டன் காலத்திலிருந்து தொடங்கி எல்லோரிடமும் சாட்சி சொன்னார். கண்டக்டர் டிக்கெட் கிழிப்பதை மறந்து கேட்டார். முன் சீட்டில் இருந்த எதிராளியான பங்காளி திரும்பினார்.

"அண்ணா, இத்தனை இருக்குதுன்னு தெரியாதுங்க. வழியை உட்டுடறனுங்க."

"இருங்க தம்பி, இன்னும் பாதிதான் ஆச்சு" என்றார் பெரியப்பா.

அடுத்த வாய்தாவில் வழக்கு ராஜியாக முடிந்தது.