ஊறப் போட்ட பாலியூரித்தேன்

எங்கள் தொழிலில் வேலை பார்ப்பது உப்புத் தண்ணீர். நாங்கள் பக்கத்தில் உட்கார்ந்து காத்திருப்போம். பரீட்சை எழுதிவிட்டு ரிசல்ட்டுக்குக் காத்திருந்த அவஸ்தை உங்களுக்கும் தெரியும். அதையே வருஷக்கணக்கில் செய்து பாருங்கள், என் மேல் இரக்கம் பிறக்கும்.

தொண்ணூறுகளில் மைசூரில் ஒரு சின்னப் பரிசோதனைக் கூடத்தில் எனக்கு வேலை. பேஸ்மேக்கரிலிருந்து இதயத்துக்குப் போகும் வயரின் மேல் பாலியூரித்தேன் என்ற பிளாஸ்டிக்கில் மெல்லிய உறை இருக்கும். உடம்புக்குள் அது எத்தனை வருஷம் தாங்கும் என்று பார்க்க, அந்த உறைக் குழாய்களை உடம்புச் சூட்டில், உப்புத் தண்ணீரில் ஊறப் போட்டுக் கவனிப்போம்.

பெண் பார்க்கப் போனபோது

“என்ன வேலை பார்க்கிறீங்க?” என்று பெண்ணின் அப்பா கேட்டார். யாராவது கேட்டால் போதும் என்று காத்திருந்தவன் நான். ஜாடி, உப்பு, வெதுவெதுப்பு, மாதம் ஒரு முறை மூடியைத் திறந்து கெட்டுவிட்டதா என்று பார்ப்பது, ஒன்றையும் விடாமல் சொன்னேன். கேசரி ஆறிப்போனது. பெண் உள்ளே போய்விட்டாள்.

அவர் பொறுமையாகக் கேட்டார். கிளம்பும்போது கேட் வரை வந்து, தோளில் கை போட்டு, யாருக்கும் கேட்காத குரலில் சொன்னார்: “ஊறுகாய் கம்பெனின்னு நேராவே சொல்லலாமே மாப்ளே, அதுல என்ன கூச்சம்?”

கரெண்ட் போன காலை

ஜாடிகள் இருக்கும் தொட்டி எப்போதும் முப்பத்தேழு டிகிரியில் இருக்க வேண்டும். ஒரு டிசம்பர் காலையில் கரெண்ட் போனது. ஜெனரேட்டர் ரிப்பேர். சூடு இறங்க இறங்க எனக்கு வியர்த்தது. ஓடிப்போய் என் அறையிலிருந்து கம்பளியை எடுத்துவந்து தொட்டியைச் சுற்றிப் போர்த்தினேன். போதாது என்று ஸ்வெட்டரையும் கழற்றி மேலே போட்டேன்.

கூட்ட வந்த செல்வி அக்காவுக்குச் சொந்த ஊர் ஹனூர் பக்கம். துடைப்பத்தோடு நின்று, குளிரில் நடுங்கும் என்னையும், சுகமாகப் போர்த்திக்கொண்டிருக்கும் தொட்டியையும் மாறி மாறிப் பார்த்தார். “ஏனுங் சார், காதுக்குள்ள காத்துப் போயிருமுங்க, ஒரு மப்ளரும் கட்டி உட்ருங்க!”

அவசரக்காரர்

குழாய் அனுப்பிய கம்பெனியின் அதிகாரி ஒருவர் நேரில் வந்தார். பத்து வருஷம் தாங்குமா என்று கேட்டார். பத்து வருஷம் கழித்துச் சொல்கிறேன் என்றேன். உண்மையைத்தான் சொன்னேன், அவருக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிட்டது.

சமாதானமாகக் குறுக்குவழியைச் சொன்னேன். குழாயை இழுத்து ஸ்டீல் கம்பியில் இறுக்கிச் சுற்றி, ஹைட்ரஜன் பெராக்சைடு கலந்த தண்ணீரில் போட்டால், பலவீனம் இருந்தால் சீக்கிரமே வெளிப்படும். அவர் முகம் மலர்ந்தது. கெடப்போவது தன் சரக்கு என்பதே மறந்துபோய் என் கையைப் பிடித்துக்கொண்டார்: “அப்படின்னா தயவுபண்ணி கொஞ்சம் சீக்கிரமா கெட வைங்க சார், மார்ச்சுக்குள்ள ஃபைலை மூடிடலாம்!”

தங்கராஜ் அண்ணன்

அந்தக் கம்பிகளைக் கடைந்து கொடுத்தவர் பக்கத்து லேத் பட்டறை தங்கராஜ் அண்ணன், அதே ஹனூர் பக்கத்துக் கௌதள்ளிக்காரர். அவர் நெஞ்சிலேயே ஒரு பேஸ்மேக்கர் இருந்தது. அதன் வயருக்கும் பாலியூரித்தேன் உறைதான் என்று டாக்டரிடம் கேட்டு வந்த நாளிலிருந்து, தினமும் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து, “ஏந் தம்பி, நம்மாளு எப்படி இருக்கறான்?” என்பார். “ஜம்முனு இருக்கான் அண்ணே” என்பேன்.

ஊறப் போட்ட ஐந்தாம் மாதம் நுண்ணோக்கியில் பார்த்தால், கம்பியில் சுற்றிய குழாய் முழுக்க மயிரிழை விரிசல்கள். அன்று அண்ணன் ஜன்னலுக்கு வந்தபோது, ஜாடியை இன்னும் திறக்கவில்லை என்று பொய் சொன்னேன். மறுநாளும் அதே பொய். மூன்றாம் நாள் எங்கள் கூடத்துக்குத் தலைவியான மேடத்திடம் போய் நின்றேன். “நாம பார்த்தது வேற கம்பெனி குழாய், அதுவும் வேணும்னே இழுத்துக் கட்டினது. அவரோடது கெட்டுப்போச்சுன்னு அர்த்தம் இல்ல. ஆனா டாக்டர்கிட்ட ஒரு தடவை காட்டிக்கச் சொல்லு” என்றார்.

அப்படியே சொன்னேன். அண்ணன் லேத்தை நிறுத்தினார், கையைத் துடைத்துச் சட்டையை மாட்டினார். ஆஸ்பத்திரிக்கு நானும் கூடப் போனேன். பெஞ்சில் உட்கார்ந்ததும் சொன்னார்: “இன்னொருக்கா நெஞ்சக் கிழிக்கோணும்னா நான் எந்திரிச்சு ஊட்டுக்குப் போயிருவேன் தம்பி.” எனக்கு அவரை விடப் பயமாக இருந்தது.

டாக்டர் மெஷினை வைத்து வயரைச் சோதித்தார், எக்ஸ்ரேயும் பார்த்தார். வயர் இப்போதைக்கு நன்றாக இருக்கிறது, ஆறு மாதத்துக்கு ஒரு முறை வந்து காட்டினால் போதும் என்றார். வெளியே வந்ததும் நான் வெட்கமில்லாமல் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். ஜாடியில் இருந்தது மட்டும் ஏன் அண்ணே விரிசல் விட்டது என்று நானே, பரிசோதகனான நானே, அவரைக் கேட்டேன். அவர் யோசிக்கவே இல்லை: “அது சும்மா ஊறீட்டுக் கெடந்துச்சு தம்பி, என்னோடது தெனமும் வேலைக்குப் போயிட்டு வருதில்ல!”

கெட்டதைக் கண்டுபிடிப்பதுதான் என் உத்தியோகம் என்றாலும், அன்று முதல் ஒவ்வொரு முறையும் கெட்டிருக்கக் கூடாது என்று வேண்டிக்கொண்டுதான் நுண்ணோக்கியில் கண்ணை வைத்தேன்.