தழும்பு தெரிய ஒரு துப்பாக்கி உறை

அந்தத் தோலை டாக்டர் ஒரு மைசூர்பாகு டப்பாவில் வைத்துக் கொண்டுவந்தார். மூடியைத் திறந்ததும் நெய் வாசனையும் பதப்படுத்திய தோலின் வாசனையும் சேர்ந்து முகத்தில் அடித்தன. மலைப்பாம்புத் தோல். ஒரு சாண் அகலம், பழுப்பில் கறுப்புத் திட்டுகள். ஆம்பூரில் பூட்ஸ் தைத்துத் தொடங்கி, டெக்சாஸில் ரவுண்ட் ராக் பக்கம் துப்பாக்கி உறை தைத்துப் பிழைக்கிறவன் நான். முதலை, தீக்கோழி, திருக்கை என்று எல்லாத் தோலும் என் மேசைக்கு வந்திருக்கின்றன. இனிப்பு டப்பாவில் வந்தது அது ஒன்றுதான்.

டாக்டர் இதய நிபுணர். எங்கள் வட்டாரத் தமிழர்கள் அவர் பெயரைச் சொல்லும்போதே குரலைத் தாழ்த்துவார்கள். "மாஸ்டர், உங்கள மாதிரி கைவேலை தெரிஞ்சவங்களத்தான் நான் ரெஸ்பெக்ட் பண்றேன்" என்பார். அப்படிச் சொன்ன கையோடு, நான் தொட்ட பேனாவைத் தொடாமல் தன் பேனாவை எடுப்பார். எனக்கு அந்த மனிதரைப் பிடிக்காது. பிடித்தவர்களுக்கு மட்டும்தான் தைப்பேன் என்றிருந்தால் கடையை என்றைக்கோ இழுத்து மூடியிருப்பேன்.

பாம்புத் தோல் மெல்லியது, தனியாக நிற்காது. மாட்டுத்தோலின் மேல் ஒட்டித் தைத்து, ஈரப்படுத்தி, உள்ளே பிளாஸ்டிக் துப்பாக்கியைத் திணித்து, விரலால் அழுத்தி அழுத்தி வடிவம் எடுக்க வேண்டும். தோலில் குறை இருந்தால் அதைத் தவிர்த்து வெட்டுவோம். முடியாவிட்டால் இடுப்புப் பக்கம் திருப்பி மறைப்போம். இதன் நடுவில் நகத்தளவுக்கு ஒரு தழும்பு இருந்தது, செதிலே இல்லாமல் வழவழவென்று. அதை ஒதுக்கி நான் கோடு போட்டதும் டாக்டர் தடுத்தார்.

"அது முன்னாடி வரணும் மாஸ்டர். சென்டர்ல. பார்த்த உடனே கண்ணுல படணும்."

"அது குறை, டாக்டர்."

"அதுக்காகத்தான் செய்யச் சொல்றேன்."

வசதியானவர்களின் கிறுக்குகளில் இதுவும் ஒன்று என்று நினைத்துக்கொண்டேன். தழும்பை நட்டநடுவில் வைத்துத் தைத்தேன். அழகாகவே வந்தது. என் வேலை மேல் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு.

வாங்கிப்போக அவர் வரவில்லை, மகளை அனுப்பினார். மெடிசின் படி என்று அப்பா சொன்னதற்கு முடியாது என்று சொல்லிவிட்டு, காட்டு விலங்குகளைப் பற்றிப் படிக்க வேறு மாநிலத்துக்குப் போன பெண். எங்கள் ஆட்கள் கூடும் இடமெல்லாம் அதுதான் பேச்சு. விடுமுறைக்கு வந்திருந்தாள். "ஹாய் அங்கிள்! டாட் ஏதோ சர்ப்ரைஸ்னு சொன்னார்" என்று சிரித்துக்கொண்டே உள்ளே வந்தாள். நானும் பெருமையாகத் துணியை விலக்கி உறையை அவள் முன்னால் வைத்தேன்.

சிரிப்பு நின்றது. அவள் விரல் நேராகத் தழும்புக்குப் போனது. அதைத் தடவி, "மீனு" என்றாள்.

அவள் வளர்த்த பாம்பு. குட்டியாக இருந்தபோது கூண்டில் சூட்டுக்காக வைத்த விளக்கில் ஒட்டிப் படுத்துச் சுட்டுக்கொண்டதாம். மடியில் போட்டு மருந்து தடவியது இவள்தான். விடுதியில் பாம்புக்கு இடமில்லை என்பதால் அப்பாவிடம் விட்டுப் போயிருந்தாள். "எவ்ரி சண்டே கேட்டேன் அங்கிள். மீனு ஃபைன், சாப்பிட்டா, தூங்கறான்னு சொன்னார்." அந்த ஞாயிற்றுக்கிழமைகளில் மீனு என் மேசையில் பலகையோடு ஆணியடித்துக் கிடந்தது. நோயில் செத்த பாம்பின் தோல் வற்றிப்போயிருக்கும். இது செழிப்பாக இருந்த தோல், நோயில்லாத பாம்பைக் கொன்று உரித்தது. நான் அதைச் சொல்லவில்லை. அவள் படிப்பதே அதுதான், தடவியபோதே தெரிந்துகொண்டாள்.

"மீதி இருக்கா அங்கிள்? ஐ வாண்ட் டு பரி ஹர், புதைக்கணும்" என்றாள்.

மீதியிருந்த ஒரே துண்டைக் கறுப்புச் சாயம் ஏற்றிச் சாவி வாராகச் செய்யச் சொல்லி, டாக்டர் முதலிலேயே வாங்கிப்போயிருந்தார். அதை மகளுக்கே கொடுத்திருக்கிறார்; அவள் கையிலிருந்த கார் சாவியில் தொங்கிக்கொண்டிருந்தது. என் கண் போன இடத்துக்கு அவள் கண்ணும் போனது. கத்துவாள் என்று நினைத்தேன். வாரைக் கழற்றினாள். உறைக்குள் அதை வைத்து, துணியில் சுற்றி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு போனாள். நான் தைத்த எதையும் அவ்வளவு வெறுத்ததில்லை.

சாயங்காலம் டாக்டர் போன் செய்தார்.

"மாஸ்டர், தழும்பப் பார்த்தாளா? மூஞ்சி எப்படிப் போச்சு? விவரமா சொல்லுங்க."

பசித்தவன் சாப்பாட்டைப் பற்றிக் கேட்பதுபோல் கேட்டார். நான் பதில் யோசிக்கவே இல்லை.

"பார்த்தாங்க டாக்டர். நல்லா இருக்குன்னு சிரிச்சாங்க. வாங்கிட்டுப் போயிட்டாங்க."

"அப்ப ஏன் இன்னும் வீட்டுக்கு வரல?" என்றார்.

வருடங்கள் போய்விட்டன, இன்றுவரை அவள் வரவில்லை. எந்த ஊரில் இருக்கிறாள் என்றுகூட அவருக்குத் தெரியாது. இப்போது தளர்ந்துவிட்டார். கடைக்கு வந்து உட்கார்ந்துகொண்டு, அன்றைக்கு அவள் வேறு ஏதாவது சொன்னாளா, அழுதாளா, திட்டினாளா என்று திரும்பத் திரும்பக் கேட்கிறார். திட்டியிருந்தால் அவருக்கு ஆறுதலாக இருக்கும். சிரித்தாள் என்றே சொல்லி அனுப்புகிறேன். அப்படிச் சொல்வதில் எனக்கு ஒரு சந்தோஷம் இருக்கிறது.